வியாழக்கிழமைக்கு மாற்றிய கோபம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இன்றைக்கு ஆறு லாரிக்குச் சொந்தக்காரன் நான். அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்க எனக்கு நேரம் கிடையாது. நேற்றுக் காலை பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வந்த ஃபெரிப் படகில் மட்டும் கொடுத்தேன். முன் பெஞ்சில் இரண்டு தமிழ்ப்பள்ளி டீச்சர்கள்.

“கோபத்தை வியாழக்கிழமைக்கு மாத்திட்டேன், சாந்தி. செவ்வாய்க்கிழமை பயம்.”

“உன் உணர்ச்சிப் பாடம் எல்லாம் என் கணக்கு நேரத்துல வெட்டுனதுதானே, மாலா. இன்னிக்கு மீட்டிங்ல அந்த இருபது நிமிஷத்தைத் திருப்பிக் கேக்கப் போறேன்.”

“நீ கேட்டா ஹெட்மாஸ்டர் குடுத்துடுவாரு. என் பாடம் அதோட போச்சு.”

“போகட்டும்லா. பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடே வர மாட்டேங்குது.”

மாலா டீச்சர் பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

“பேர் கூப்பிடுறேன். வந்திருக்கேன்னு மட்டும் சொல்லாத, எப்படி இருக்கேன்னும் சொல்லு. சாந்தி.”

“வந்திருக்கேன், டீச்சர். கோபமா இருக்கேன்.”

“யார் மேல?”

“உங்க மேலதான். கேக்காம என் நேரத்தை எடுத்தீங்க.”

“தப்புதான். கேட்டிருக்கணும்.”

சாந்தி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அரை நிமிஷம்கூட ஆகலடி.”

“என் வகுப்புல பன்னெண்டு பேருதான். தினம் பேர் கூப்பிடும்போதே கேட்டுக்கிறேன். உன் இருபது நிமிஷத்தை நீயே வச்சுக்க.”

“மீட்டிங்ல இதை நானே சொல்றேன்லா.”

ஃபெரி கரை சேர்ந்தது. நானும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். என் பெயரைத்தான் யாரும் கூப்பிடவில்லை.