முழங்கால் உயரம்

புல் தானாக முளைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், சார். மருத்துவமனைக்காரர்கள் என் கடையைப் பற்றி விதை ஆய்வாளரான உங்களுக்குப் புகார் எழுதியதும் அதனால்தான். முன்பக்கம் புல்வெளி போட வேண்டும் என்று வந்தார்கள். இது நிழலுக்கு ஆகாத ரகம், வெயில் விழும் இடத்தில் மட்டும் தூவுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர்கள் மரத்தடியில் தூவி, மேலே நாலு விரல் மண்ணையும் போட்டு மூடிவிட்டார்கள். கடுகைவிடச் சின்ன விதை அது. அவ்வளவு மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வர அதற்கு ஏது தெம்பு? விதையில் குறை இல்லை. அதே மூட்டையிலிருந்து நூறு விதை எடுத்துப் பின்னறையில் ஈரத்துணியில் போட்டிருக்கிறோம். எண்பத்தாறு முளைத்திருக்கிறது. எண்ணியது என் அக்கா. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் நீங்கள் மாதிரிப் பொட்டலத்தைத் தேடி இழுப்பறையைத் திறந்தீர்கள். மூட்டையே இல்லாத ஒரு மூட்டைச் சீட்டு கையில் அகப்பட்டது. தீவனச் சோளம், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, அடியில் சிவப்பு எழுத்தில் மூன்று வரி. இதை மட்டும் ஏன் கத்தரித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் நானும் இருந்தேன். உட்காருங்கள். தேநீர் வரக் கொஞ்சம் நேரமாகும்.

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு என்னை வளர்த்தாள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், தம்பி ஆளாகட்டும் என்று திருப்பி அனுப்பினாள். நான் ஆளான பிறகும் அனுப்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம்.

அவளுக்கு நாற்பது வயது நடக்கும்போது, மாட்டுத் தீவனத்துக்குப் பருத்தி விதை வாங்க வந்துகொண்டிருந்த ஒரு பால்பண்ணைக்காரர், வாங்கிய விதை தீருவதற்கு முன்பே மறுபடி மறுபடி வர ஆரம்பித்தார். மனைவியை இழந்தவர். பதினோரு மாடு வைத்திருந்தார். நல்ல மனிதர். இதை இப்போதும் நான் யாரிடமும் சொல்வேன். கல்யாணத்தை நானே முன்னால் நின்று நடத்திவைத்தேன்.

அவள் போன பிறகு வீட்டில் எதுவும் நின்றுவிடவில்லை. சமைக்கக் கற்றுக்கொண்டேன், பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டேன். மாதம் ஒரு தடவை அக்கா வருவாள். அதோ அந்த முக்காலியில் உட்கார்ந்து மாடுகளைப் பற்றியே பேசுவாள். ஒன்றுக்குத் திருடி என்று பெயர், ஒன்றுக்குச் சீமாட்டி. பால் கறக்கும்போது சீமாட்டி மாமாவின் தலைத்துண்டைத் தின்றுவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அவளுடைய சிரிப்புக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். கொட்டகையை ஒட்டி நாலு ஏக்கர் நிலம் கிடைத்திருக்கிறது, மாடுகள் மேய அதில் என்ன விதைக்கலாம் என்று கேட்டார்கள்.

விதையைத் தேர்ந்தெடுப்பதில் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு, அறுத்துப் போடப் போகிறோமா, மேயவிடப் போகிறோமா. எல்லாவற்றையும் கேட்டேன். மேட்டு மண், மழையை நம்பிய நிலம், மேய்ச்சலுக்கு. அப்படியானால் கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசாலும் கலந்து விதைக்க வேண்டும். முதல் வருடம் மெதுவாகத்தான் வேர் பிடிக்கும். பிடித்துவிட்டால் பல வருடங்களுக்குக் கவலை இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கொடுத்தது தீவனச் சோளம்.

சோளம் கெட்ட விதை இல்லை, சார். பூத்த பிறகு அறுத்துப் போட்டால் அதைப்போல் தீவனம் கிடைக்காது. இளம்பயிரில்தான் விஷம். அதிலும் தண்ணீர் இல்லாமல் வாடி, ஒரு தூறலுக்குத் திரும்பத் துளிர்க்கிற நேரம் மிக மோசம். அந்த மூன்று சிவப்பு வரியும் அதைத்தான் சொல்கின்றன. விற்கிறவன் வாயாலும் சொல்ல வேண்டும். நான் சீட்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு, விதையை வெறும் சாக்குகளில் மாற்றிக் கட்டினேன். மாமா பால்காரர்தான், பயிர்க்காரர் இல்லை. வாங்கிப் போடும் தீவனத்திலேயே காலம் ஓட்டியவர்.

விதைப்புக்கு நானும் போனேன். மண்ணைப் புழுதியாக்கி, நடந்தால் கால் புதையாத அளவுக்கு இறுக்கினோம். விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் தூவினோம். அப்போதுதான் சொட்டை விழாது. பிறகு மரக்கட்டையை உருட்டி விதையையும் மண்ணையும் ஒட்டவைத்தோம். அக்கா வரப்பில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் சாப்பாடு பிரித்தாள். என் தட்டில்தான் முதலில் வைத்தாள். அந்த நிலத்தில் வந்ததுபோல் ஒரு முளைப்பை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்த வாரமே, வீட்டில் பூட்டிக் கிடந்த அவளுடைய அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டேன்.

பயிர் முழங்காலைத் தொடும்போது மழை நின்றுபோனது. மூன்று வாரம் காய்ந்தது. பிறகு ஒரு நாள் தூறல் போட்டது. மறுநாள் மத்தியானம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஒருவருக்கு விதை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, முட்டி அளவு வந்து நிக்குதுடா. வைக்கோல் வேற தீந்துபோச்சு. மாடுங்களை விடலாமா? உங்க மாமா, பொறு, எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கறாரு."

"தாராளமா விடுக்கா. காலையில வெறும் வயித்தோட விடு. நல்லா மேயும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தராசில் விதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஒரு பிடி எடுத்துவிட்டுக் கட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் மாமா பால் ஊற்றப் போன பிறகு, அக்கா படலைத் திறந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் முதல் மாடு விழுந்ததாம். கால்நடை மருத்துவர் ஊசியோடு வந்து சேர்ந்தபோது ஒன்பது செத்திருந்தன. ஓரமாக நின்றுவிட்ட இரண்டை மட்டும் காப்பாற்றினார். நான் போனபோது அக்கா பயிருக்கு நடுவில், சீமாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"நீதானேடா விடச் சொன்ன?"

"பூத்ததுக்கு அப்புறம் விடுன்னுல்ல அக்கா சொன்னேன். இப்ப வேண்டாம், வெறும் வயித்துல விட்டுடாதேன்னு அவ்வளவு தூரம் சொன்னேனே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு வயதில் காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுவிட்டு அப்படித்தான் பார்ப்பாள்.

"அப்படியா சொன்ன?"

"ஆமாக்கா."

"அப்ப என் காதுதான் சரியில்ல போலிருக்கு" என்றாள்.

என்னை அவள் ஒரு தடவையும் சந்தேகப்பட்டதில்லை, சார். அது எனக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரியாமல் இதில் இறங்கியிருக்க மாட்டேன்.

மாமா அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "போனது மாடுதானே, நீ இருக்கியே" என்றார். அதை அவளால் தாங்க முடியவில்லை. பிழைத்த இரண்டு மாடுகளும் கத்தும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாளாம். பதினாறாம் நாள் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். அறையைத் திறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். சமைக்கிறாள், முளைப்பு எண்ணுகிறாள், சாக்குத் தைக்கிறாள். எதையும் இரண்டு தடவை கேட்பாள். உங்களிடமும் சர்க்கரை போடலாமா என்று இரண்டு தடவை கேட்டாள் அல்லவா, காதில் கோளாறு ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டேன், நன்றாகக் கேட்கிறது என்று சொன்னார். அவளுக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லை. இப்போது சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. முன்பு இந்த வீட்டில் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மாமா ஒரு தடவை வந்தார். மத்தியானம், அக்கா பின்னறையில் இருந்தாள். அதே கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிய ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த இழுப்பறையில் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருப்பது அதுதான். இளம் சோளத்தில் விஷம் இருப்பது விவரம் சொல்லப்படாத எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, மாட்டை விட்டவர் பேரில் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறது.

"இதை அவகிட்ட காட்டு மச்சான். அவ மேல எந்தத் தப்பும் இல்லன்னு படிச்சவர் சொன்னா நம்புவா. நான் இங்கேயே நிக்கறேன்."

"அக்கா உங்க முகத்துலயே முழிக்க விரும்பல மாமா. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

அவர் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். கையில் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரம் வைத்திருந்தார். பிழைத்த மாடு கன்று ஈன்று மறுபடி கறக்க ஆரம்பித்திருக்கிறதாம், அந்தப் பால். என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரு வந்தது என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள். விதை வாங்க வந்தவர் என்றேன். பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, "நல்ல பாலுடா, எங்க வாங்கின?" என்றாள். பால் எப்போதும் வாங்கும் இடத்தின் பெயரைச் சொன்னேன்.

அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்வி. அந்த நாலு ஏக்கரில் இப்போது கொழுக்கட்டைப்புல் நிற்கிறது. விதை வேறு கடையில் வாங்கியிருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். நடந்தது நடந்தபடி சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடையின் உரிமத்தை எடுத்துக்கொள்வீர்கள், காவல் நிலையத்துக்கும் சொல்வீர்கள், சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள். வந்த புதிதில் அவளுக்குத் தூக்கமே கிடையாது. நான்தான் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, நடந்ததுக்கு நான் உன்னை மன்னிச்சுட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகுதான் தூங்க ஆரம்பித்தாள். அது ஒன்றும் வாய்வார்த்தை இல்லை, சார். மனதார மன்னித்திருக்கிறேன்.