நாற்பத்து மூன்றரை டிகிரி

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் வீட்டில் அண்ணன் லீண்டர்ட்தான் போடுவான், தண்ணியாக இருக்கும். அவன் எதிலும் கொஞ்சம் கைப்பிடித்தம்.

நீங்கள் லைடன் நகரத்துக்காரர், பூக்கிழங்கு சங்கதி தெரிந்திருக்காது. மே மாத வெயிலில் ஒரு ஈ வரும். ரோமம் அடர்ந்து, பார்த்தால் தடித்த தேனீ என்றுதான் நினைப்பீர்கள். நார்சிஸஸ் பூச்செடியின் கழுத்தடியில் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு கிழங்குக்குள் புகுந்து குருத்தைத் தின்னும். வெளித்தோல் அப்படியே இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால்தான் மெத்தென்று உள்ளே போகும்.

இந்த ஜூலையில் என் கிழங்குகளைத் தோண்டி எடுத்தபோது விரல் உள்ளே போனது. வெள்ளை இதழ், நடுவே ரோஜா நிறக் கிண்ணம். விதையிலிருந்து பதினாறு வருடம் வளர்த்தவை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்கென்று வேறு எதுவும் இல்லை. அண்ணன் பத்துக் கிழங்கை அழுத்திப் பார்த்தான்.

"எல்லாம் போச்சுடா க்ரெய்ன். பயிர்நோய் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுவோம். குழி வெட்டிப் புதைக்கட்டும்."

"வெந்நீர்ல போட்டா புழு செத்துடும், அண்ணே."

"புழு சாகும். தின்ன குருத்து திரும்ப வருமா? ஒண்ணு ரெண்டு தப்பிச்சா ஈயாகி பக்கத்து நிலத்துக்கும் பறக்கும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

கெஞ்சினேன். அழுதேன் என்றுகூட வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இறங்கி வந்தான். "சரி, உன் திருப்திக்கு வேக வெச்சுக்கோ. கிழங்குப் பெட்டியெல்லாம் நான் படகுல கொண்டாரேன். ஆனா நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்றது சொல்றதுதான்."

கொட்டகையில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் நாற்பத்து மூன்றரை டிகிரியில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். குறைந்தால் புழு பிழைக்கும், ஏறினால் பூ சாகும். சூடு ஏறிய பிறகு ஆள் நகரக் கூடாது. வீடே எரிந்தாலும் நகரக் கூடாது என்பார் அப்பா. அண்ணன் பிறந்த ஆகஸ்ட் மதியம்கூட அவர் தொட்டியை விட்டு நகரவில்லையாம். அவன் பிறந்தநாளில் கேக் வெட்டும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம்.

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்குப் படகு கொட்டகைக்கு அருகே திரும்பியது. பெட்டிகளை உயரமாக அடுக்கியிருந்தான். படகு சாய்ந்து, தண்ணீரில் விழுந்த அவன் கால்மேல் கவிழ்ந்தது. கொட்டகை வாசலிலிருந்து இருபது தப்படி. கால்வாயில் தண்ணீர் மார்பளவுதான், ஆனால் அடியில் சேறு.

"டேய், சிரிச்சது போதும். வந்து கையைக் குடு," என்றான் முதலில். நான் சிரிக்கவில்லை. சூடுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால் மாட்டிக்கிச்சுடா. படகு இறங்குது. கொஞ்சம் தூக்கிப் பிடி."

"தொட்டியை விட்டு வர முடியாது, அண்ணே," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பிறகு தம்பி என்று கூப்பிட்டான். ஐம்பத்திரண்டு வருடத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.  அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கரி போட்டேன்.

இரண்டரை மணிக்குச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் போனேன். கிழங்குகள் அவனைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. நல்ல கிழங்கு கனமாக இருக்கும், மூழ்கிவிடும். புழு தின்றதுதான் மிதக்கும். ஏறக்குறைய எல்லாமே மிதந்தன. அவன் சொன்னது சரிதான். வலையால் அரித்து எடுத்தேன். அவன் தோளில் ஒதுங்கியிருந்தவற்றையும் விடவில்லை. மூன்று மணிக்குத் தொட்டியில் இறக்கினேன், ஐந்து மணிக்கு வெளியே எடுத்தேன், அதன் பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அண்ணன் கூப்பிட்டபோது தொட்டியில் எத்தனை பெட்டி இருந்தது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை, ஐயா. எல்லாம் அவனோடு படகில் இருந்தன. தொட்டியில் வெறும் தண்ணீர்தான். ஆனால் சூடு கால் டிகிரிகூடக் குறையவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.