வாய்க்கு நேரா ஒரு பேப்பர் துண்டு

கீழ வேணாம் சாமியம்மாக்கா, சேர்லயே உக்காருங்க. நாலு வருசமா பாத்திரம் தேய்க்க வர்றீங்க, ஒருநாள் உக்காந்தா என்ன ஆயிடும். பலாச்சுளையா? எதுக்குக்கா இதெல்லாம். அப்படி வைங்க. அவரு செகண்ட் ஷிஃப்ட் போயிட்டாரு, புவனா பாட்டு கிளாஸ்ல இருக்கா. காப்பி எடுத்துக்குங்க.

உங்க இசைப்பிரியா ஏன் ரெண்டு நாளா டியூஷனுக்கு வரல? தலைவலியா. அப்படியா சொன்னா. வேற ஒண்ணும் சொல்லலியா? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

அவளோட பரீட்சை ஹால் டிக்கெட்டு வந்துச்சான்னா... சொல்றேன், இருங்க.

பெரிய ஸ்கூல்ல ஆறாவது சேரணும்னா என்ட்ரன்ஸ் பரீட்சை, இங்கிலீஷ்ல எழுதவும் வேணும், வாசிச்சும் காட்டணும்னு புவனாவுக்குத்தான் நான் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சேன். உங்க பொண்ண நான் கூப்பிடல, தெரியுமா? நீங்க பின்னாடி வேலை பாத்துட்டிருப்பீங்க, அவ அடுப்படி நிலையப் புடிச்சிகினு நிப்பா. பாருங்க, உங்க பேச்சு எனக்கும் வந்துடுச்சு. புவனாவும் இப்ப வூடு, வந்துகினுன்னுதான் பேசுறா. எம்பொண்ணு உங்க பொண்ணுகிட்ட கத்துக்கிட்டது அது. உங்க பொண்ணு இங்கேருந்து எடுத்துக்கிட்டது என்னோட கான்வென்ட் இங்கிலீஷ.

ஷி வந்தா வினைக்குப் பின்னாடி எஸ் போடணும்டின்னு தொண்டை கிழியக் கத்துறேன், புவனா ஷி கோ, ஷி கோங்குறா. நிலைப்படியிலிருந்து மெதுவா ஷி கோஸ்னு ஒரு குரல். அன்னிக்குத்தான் அவளையும் உள்ள வந்து உக்காரச் சொன்னேன்.

எங்க கான்வென்ட்ல ஒரு சிஸ்டர் இருந்தாங்க. வாய்க்கு நேரா பேப்பர் துண்டப் புடிச்சு பென்னுன்னு சொல்லச் சொல்வாங்க. காத்துபட்டு பேப்பர் ஆடணும், ஆடலன்னா திரும்பத் திரும்ப. நானே ஒரு மாசம் அழுதேன். புவனா சொன்னா இன்னிக்கும் அது அசையாது. உங்க பொண்ணுக்கு மொத தடவையே படபடன்னு அடிச்சுக்குது. புவனா கை தட்டுறாக்கா. எனக்கு வயிறு எரியுது.

சிரிக்காதீங்க. கம்பெனியில பர்மனென்ட் வேலை பாக்குறவர் பொண்டாட்டி, கான்ட்ராக்ட்ல மண்ணள்ளுறவர் பொண்டாட்டியப் பாத்துப் பொறாமைப்படுறான்னா இந்த பிளாக்ல ஒருத்தர் நம்புவாங்களா? நீங்களே நம்பல.

மாமியார் தினம் போன் பண்ணிடுறாங்க. வேலைக்குத்தான் போகல, பிள்ளைக்காவது ஒழுங்கா சொல்லித் தர்றியாங்கிறாங்க. நான் படிச்ச படிப்புல எங்கிட்ட மிச்சமிருக்கறது அந்த இங்கிலீஷ் ஒண்ணுதான். அதுவும் எம்பிள்ளைக்குப் போகாம அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகுதேன்னு... பயமா இருந்துச்சுக்கா.

ஆங், அந்த பரீட்சை அப்ளிகேஷன் பாரம். நீங்க குடுத்தீங்க, நான் எழுதினேன், போட்டோ ஒட்டினேன், நீங்க கையெழுத்துப் போட்டீங்க. ரெண்டு பேரோடதையும் சேத்து நானே குடுத்துடுறேன்னு சொன்னேன். போனேன்க்கா. வரிசையில நின்னேன். புவனாவோடத நீட்டினேன். வேற இருக்கான்னு அந்த கிளார்க் கேட்டாரு. இல்லன்னுட்டேன்.

போன வெள்ளிக்கிழமையோட கடைசி தேதி முடிஞ்சுது.

எழுந்திரிக்காதீங்க. இத முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க.

திங்கக்கிழமை டியூஷன்ல உங்க பொண்ணு பேப்பர் துண்டு கேட்டா. ஹேண்ட்பேக்ல நான் குடுக்காத அந்த பாரம்தான் இருந்துச்சு. வீட்டுல எத்தனையோ பேப்பர் கெடக்கு, ஏன் அத எடுத்தேன்னு கேட்டா எனக்குத் தெரியல. நாலாக் கிழிச்சேன். வெத்துப் பக்கம் அவ பக்கம் இருக்கற மாதிரி குடுத்தேன். பென், பேப்பர், பேரட்டுன்னு அழகா சொல்லிட்டு வந்தவ, துண்டத் திருப்பிட்டா. அவங்கப்பா பேரு, வளவன்னு, என் கையால எழுதினது.

ரெண்டா மடிச்சு ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சுக்கிட்டா. தேங்க்யூ ஆன்ட்டின்னா. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, நாக்கப் பல்லுல வெச்சு.

உங்ககிட்ட நெஜமாவே தலைவலின்னு மட்டும்தான் சொன்னாளா?