நாற்பது பெட்டிக்கு ஒரு சாம்பிள்

ராணித்தேனீ வளர்த்துக் கொடுக்கும் மூலனூர் வேலாத்தாள் அக்காவுக்கு, குன்னத்தூர் தேனீ வளர்ப்போர் சங்கச் செயலாளர் ரத்தினசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். தேனீக்கள்தான் நலமில்லை.

போன ஞாயிறு தென்னந்தோப்பில் சங்கக் கூட்டம். வந்தவர்கள் ஐவர், உட்கார்ந்தவர்கள் நால்வர். தலைவர் மணியன் கைவைத்த நாற்காலியில். அவர் சம்சாரம் ரங்காத்தாள் மோட்டார் ரூம் படியில். டெய்லர் முனீஸ் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல். நான் மினிட் நோட்டோடு தென்னை நிழலில். கோயம்புத்தூரிலிருந்து வந்த தேனீ ஆபீசர் உட்காரவில்லை. வந்ததுமே ஒரு தேனீ கொட்டிவிட்டது. கொட்டிய இடம் உட்காரும் இடம்.

"பழைய ராணிகளுக்கு என்ன ஆச்சுன்னு உண்மையை எழுதினாத்தான் புது ராணி நாற்பதும் வரும்" என்று போனில் சொன்னீர்கள். நியாயம்தான். நாற்பது நாளில் உங்கள் ஊரில் முருங்கை பூத்துவிடும். தேனெடுக்கப் பெட்டிகளை அங்கேதான் கொண்டுவருவோம். அதற்குள் அவை தேறாவிட்டால் சங்கத்தையே மூட வேண்டியதுதான். ஆகவே எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். சரக்கு வாங்கும் பையர் ஒரு சாம்பிளை அப்ரூவ் செய்தால் ஒரு லட்சம் பீஸும் அதன் அச்சாக இருக்க வேண்டும். கலர் அரை ஷேடு தட்டினாலும் ரிஜெக்ட். அந்தக் கண்ணோடுதான் சங்கத்துப் பெட்டிகளையும் திறந்தேன். நாற்பது பெட்டியில் நாற்பது தினுசு ராணி. ஒன்று கறுப்பு, ஒன்று செம்பழுப்பு, ஒன்று நெட்டை, ஒன்றுக்கு மூக்குமேல் கோபம். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசாட்சி இடம் தரவில்லை.

பதினோராம் பெட்டி ராணி மட்டும் குணவதி. எட்டுக் கிலோ தேன், ஒரு கொட்டு இல்லை. அந்தப் பெட்டியில் 'அப்ரூவ்டு' டேக் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற முப்பத்தொன்பதையும் யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதத்தில் கட்டைவிரல் நகத்தால் முடித்தேன். வலித்திருக்காது. அதற்காகவே நகம் வெட்டாமல் வைத்திருந்தேன். பட்டன் டப்பாவில் நம்பர் போட்டு அடுக்கியிருக்கிறேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்க்கலாம். எல்லாப் பெட்டிக்கும் பதினோராம் நம்பரின் மகள்களையே ராணியாக வைத்தேன்.

தோப்பைச் சுற்றி மரப்பொந்துகளில் காட்டுத்தேனீ ஏழு கூட்டம் இருந்தது. அதுகளின் ஆண் தேனீக்கள் வந்து ஷேடைக் கலக்கிவிடும் அல்லவா. ஏழு பொந்தையும் பனியன் வேஸ்ட் துணி திணித்து அடைத்தேன். இரண்டு நாள் உள்ளே சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் தரம் சீரானது.

அடுத்த வருஷம் நாற்பது பெட்டியும் ஒரே அச்சு. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம்தான் அடைகளில் ஓட்டை விழுந்தது. புழு இருக்க வேண்டிய அறைகளில் பாதி காலி.

ஆபீசர் நின்றபடியே விளக்கினார். ஒரே வம்சத்து ராணியும் ஆணும் சேர்ந்தால் முட்டையில் பாதி உருப்படாத ஆண் புழுவாகும். வேலைக்காரத் தேனீக்களே அதைத் தின்றுவிடும். பல வம்சம் கலந்தால்தான் கூட்டம் பிழைக்கும் என்றார்.

ரங்காத்தாள் முகத்தில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க, அண்ணன் தங்கச்சிக்கா கண்ணாலம் கட்டி வெச்சிருக்கீங்க? ஒரே கூட்டத்துல பொண்ணெடுக்கக் கூடாதுன்னு நம்ம ஊட்டு நாய்க்குக்கூடத் தெரியுமே!"

"நானா தரகு பாத்தேன்?" என்றார் மணியன். பிறகு முனீஸைப் பார்த்தார். "இவன் பீடிப் புகைல ராணியெல்லாம் செத்து, மிஞ்சுனது ஒரே வம்சமாப் போயிருக்குமுங்க."

"மொதலாளி, நான் பீடிய விட்டு மூணு வருசமாச்சு. இப்போ கடலைமுட்டாய்தான் திங்கேன்."

"அப்பக் கடலைமுட்டாய் வாசம்."

முனீஸைச் சங்கத்தைவிட்டு நீக்குவது, தோப்பில் இருக்கும் அவன் ஆறு பெட்டியையும் வெளியே தூக்கி வைப்பது என்று முடிவாயிற்று. அந்த ஆறும் அவன் சம்சாரத்தின் கம்மலை விற்று வாங்கியவை. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் மினிட் நோட்டில் 'காரணம்: பீடி' என்று எழுதிக்கொண்டேன். கடலைமிட்டாய் என்றும் அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன். பதிவு முழுமையாக இருக்க வேண்டும்.

நேற்று அந்த வரியை அடித்துவிட்டு 'காரணம்: ரத்தினசாமி' என்று திருத்தி, மணியனிடம் காட்டி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அவர் என்னுடன் பேசுவதில்லை. முனீஸ் பெட்டிகள் தோப்பிலேயே இருக்கும். கொன்றது நான்தான், அக்கா. ராணி முப்பத்தொன்பது, காட்டுக்கூட்டம் ஏழு. எதையும் மறைக்கவில்லை.

மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்தேன். என் தப்பு இப்போது தெளிவாகப் புரிகிறது. பதினோராம் நம்பரைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. சாம்பிள் சரியில்லை.

ஆகவே நாற்பது ராணி வேண்டாங்க. உங்களிடம் இருப்பதிலேயே முதல் தரமாக ஒன்றே ஒன்று அனுப்புங்கள். மீதி முப்பத்தொன்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே ஒரு டேக் வைத்திருக்கிறேன். அந்த ராணியின் பெட்டியில் கட்டிவிடுங்கள். கையெழுத்துப் போட்டே வைத்திருக்கிறேன்.

முனீஸ் உங்கள் ஊர்ப் பஸ்ஸுக்கு வாசலில் காத்திருக்கிறான். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் செக்கிங் முத்திரை குத்தி, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நகம் நேற்றுதான் வெட்டினேன். ராணி வருவதற்குள் வளர்ந்துவிடும்.