மூன்றாம் பாடத்தில் என் நம்பர்

"ஹலோ... ஹலோ, சார்? அப்பாடா... நீங்க பல் டாக்டர் இல்லையே?... இல்லையா, நல்லதாப் போச்சு. வீட்டுமனை விக்கறவரும் இல்லையே?... வைக்காதீங்க சார், வைக்காதீங்க! ஒரே ஒரு நிமிஷம். செல்போன் செயலி எழுதறது எப்படின்னு புத்தகம் போட்டவர் நீங்கதானே?... ஆமாவா? நிஜமா ஆமாவா?... ஐயா சாமி, ஒரு வழியா கிடைச்சுட்டீங்க."

லிஃப்ட்காரர் ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். தன் பேரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடித் தேடி காலையிலிருந்து ஃபோன் போட்டதில் வலது காது சிவந்துபோயிருந்தது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண், பேரைச் சொன்னதும் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கத்திவிட்டு வைத்துவிட்டாள். வீட்டுமனைக்காரரோ விஷயத்தைக் கேட்பதற்குள் ஒரு மனையை இவர் தலையில் கட்டப் பார்த்தார். இவர்களில் யாருக்கும் யாரும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பேர் மட்டும் இனிஷியல் உட்பட அச்சு அசல் ஒன்று.

"பேரா? என் பேரா சார்?... உங்க பேர்தான்... இல்ல, உங்க பேர் எனக்குத் தெரியும்னு சொல்லல. என் பேரும் அதேதான்னு சொல்றேன்... ஆமா, ஆமா, இனிஷியலும்... சிரிங்க சார், சிரிங்க. முதல்ல நானும் சிரிச்சவன்தான்... தொழிலா? லிஃப்ட் மெக்கானிக். யாராவது நடுவுல மாட்டிக்கிட்டா போய்த் திறந்துவிடற ஆளு... இல்ல சார், உங்க புத்தகத்தைப் படிக்கல. படிக்காமலே உங்க மூணாம் பாடம் எனக்கு மனப்பாடம்."

அவர் நின்றுகொண்டிருந்தது கம்பெனியின் உதிரிப் பொருள் அறை. மூன்று பக்கமும் அலமாரிகள். அவற்றில் கம்பிவடச் சுருள்கள், கதவு உருளைகள், பட்டன் தகடுகள். நாலாவது பக்கச் சுவரில் இந்தக் கம்பி ஃபோன். எதிரே வேலை மேசையில் அவருடைய செல்போன் கவிழ்ந்து கிடந்தது. மூச்சு விட்டு மூச்சு விட்டு அது உறுமிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் உறுமலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. எட்டிப் பிடிக்கலாம் என்றால் ரிசீவரின் சுருள் வயர் அவ்வளவு தூரம் வராது.

"சத்தம் கேக்குதா சார்? உர்ருன்னு ஒரு சத்தம்?... அதுதான் உங்க மூணாம் பாடம். பாடத்துக் கடைசியில ஒரு பயிற்சி இருக்குல்ல? கீழ இருக்கற நம்பருக்கு வணக்கம்னு நூறு தடவை செய்தி அனுப்பற செயலியை எழுதச் சொல்லி?... ஆங், அதேதான். அந்த நம்பர் யாரோடது தெரியுமா?... என்னோடது!... ஆமா சார். ஆமாங்கறேன்ல. இதே நம்பர், ஒரு இலக்கம் மாறாம. பசங்க எழுதறாங்க சார். பிரமாதமா எழுதறாங்க. ஒருத்தனாவது தப்பா எழுதித் தொலைச்சா எனக்கு ஒரு நூறு மிச்சமாகும்ல? மாட்டேங்கறானுங்களே!"

எதிர்முனை என்ன சொன்னதோ, லிஃப்ட்காரர் முகம் கடுகடுவென்று ஆனது.

"என்னது? எத்தனை பேர் மூணாம் பாடம் வரைக்கும் வந்திருக்காங்கன்னா கேக்கறீங்க?... சார், நீங்க சந்தோஷப்படறீங்க. குரல்லயே தெரியுது... இல்ல, படறீங்க. தயவுசெஞ்சு சந்தோஷப்படாதீங்க!... அனுப்பிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்ல. ஃபோன் பண்ணி, 'வந்துச்சா சார்?'னு கேக்கறாங்க. வந்துச்சுப்பான்னா, 'நூறும் வந்துச்சா?'ங்கறாங்க. நான் உக்காந்து எண்ணிச் சொல்லணுமாம்! ஒரு பொண்ணுகிட்ட ஒண்ணு குறையுதும்மான்னு விளையாட்டுக்குச் சொன்னேன். அழுதுடுச்சு சார். அப்புறம், 'இல்லம்மா, இப்பத்தான் வந்துச்சு, அழாதே'ன்னு நானே பொய் சொல்லி... ஆமா, இன்னும் சிரிங்க."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கி ஒரு முறை முறைத்தார். ரிசீவர் என்ன செய்யும் பாவம்! மறுபடி காதில் வைத்தார்.

"சரி, அதை விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊர்ல இத்தனை நம்பர் இருக்க, என் நம்பரை எதுக்கு சார் போட்டீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?... நீங்க போடலையா? அப்போ அதுவா வந்து உக்காந்துக்கிச்சா?... என்ன? ஒன்பதா?... எல்லாமே ஒன்பதா?... சும்மா ஒரு இதுக்கு, எல்லா இலக்கத்தையும் ஒன்பதாப் போட்டு வச்சிருந்தீங்க. சரி, சரி. அப்புறம் யாரு மாத்தினது?... மெய்ப்பு பாக்கற அம்மாவா? அவங்க எதுக்கு?... ஓகோ... ஓகோ... எழுத்தாளர் அவசரத்துல நம்பரைத் தப்பாப் போட்டுட்டாருன்னு நினைச்சு... அந்தப் பக்கத்துல உங்க பேரு வேற இருந்துச்சா... அவங்களாவே வலையில உங்க பேரைத் தேடி... முதல்ல கிடைச்ச நம்பரைத் திருத்திப் போட்டுட்டாங்க. நல்லா இருக்கு சார்! ரொம்பப் பொறுப்பான அம்மா!"

திட்டுவதற்கென்று ராத்திரியெல்லாம் அவர் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய மிச்சமிருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே! இருந்த ஒரே ஆளும் நானில்லை என்று கையை விரித்துவிட்டதில் அவருக்கு ஆத்திரம் இன்னும்தான் கூடிற்று. பக்கத்து அலமாரியிலிருந்த ஒரு கதவு உருளையை எடுத்து, காரணமே இல்லாமல் சுற்றிவிட்டு, மறுபடி வைத்தார்.

"என்ன பண்ணணும் நான்?... நம்பரை மாத்தணுமா? நான் மாத்தணுமா?... சார், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. அந்த நம்பர் இருக்கறது என் செல்போன்ல மட்டும் இல்ல. இந்த ஊர்ல நாங்க பாக்கற ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளயும், பட்டனுக்கு மேல ஒரு தகடு அடிச்சிருக்கு. 'அவசரத்துக்கு'ன்னு போட்டு, என் பேரு, கீழ நம்பர். செதுக்கி வச்சிருக்கு சார், பெயிண்ட் கூட இல்ல அழிச்சு எழுத... ஆமா, நம்ம பேருதான். நீங்க எந்த லிஃப்ட்ல போனாலும் உங்க பேரைப் பாக்கலாம்... பாத்திருக்கீங்களா? பெருமையாத்தான் இருந்திருக்கும்."

செல்போன் உறுமியது. விளிம்புக்கு இன்னும் நாலு விரற்கடைதான் பாக்கி.

"விளையாட்டு இல்ல சார் இது. போன வாரம் ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. இளைப்பு வியாதிக்காரங்க. தகட்டைப் பாத்து அடிச்சிருக்காங்க, அடிச்சிருக்காங்க... இங்க யாரு எடுக்கறது? பசங்கதான் இன்னொரு நூறு அனுப்பறானுங்கன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். கடைசியில வாட்ச்மேன் ஓடி வந்து சொல்லி, போய்த் திறந்தேன்... ம்... பிழைச்சுட்டாங்க, பிழைச்சுட்டாங்க. எங்க மேனேஜர், இன்னொரு தடவை ஃபோனை எடுக்காம விட்டா வேலைக்கே வராதேன்னுட்டாரு. அது கெடக்கட்டும். அந்தம்மா என்னைத் திட்டியிருந்தா தேவலை சார். திட்டல. என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே'ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னிலேருந்து சோறு இறங்கல எனக்கு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. மனைவியிடம்கூட அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. முன்பின் பார்க்காத மனுஷனிடம், பேர் ஒன்றாக இருக்கிற ஒரே உரிமையில், கொட்டிவிட்டார்.

"அடுத்த பதிப்புலயா?... அடுத்த பதிப்பு எப்போ வரும்?... இப்ப அச்சடிச்ச புத்தகமெல்லாம் தீர்ந்த பிறகா? தீர்றதுக்குள்ள நான் தீர்ந்துடுவேன் சார்!... சரி... சரி... உங்க வலைப்பக்கத்துல ஒரு திருத்தம் போடுவீங்க. அதை யாரு பாப்பாங்க? அடுத்த பாடத்துக்குப் போனவன் திரும்பி வந்து திருத்தம் பாப்பானா?... இல்ல சார், உங்க புத்தகத்தைப் பாடமா வச்சிருக்கற காலேஜுக்கு நீங்க ஃபோன் பண்ணணும். அங்க இதை நடத்தற வாத்தியார்கிட்ட சொல்லணும். இன்னிக்கே, இப்பவே. நான் சொன்னா அவர் யாருடா நீன்னு கேப்பார். நீங்க பேரைச் சொன்னா எழுந்து நிப்பார். ஒரே பேருதான், ஆனா உங்க வாயால சொன்னாத்தான் மரியாதை... என்ன தயக்கம்?... ஓ. மிகைப்படுத்தறேனா நான்? அவ்வளவு வராதுங்கறீங்களா?... இருங்க. இருங்க சார், வச்சுடாதீங்க. நானே படிச்சுக் காட்டறேன்."

லிஃப்ட்காரர் ரிசீவரைத் தோளில் இடுக்கி, வயரை இழுத்த மட்டும் இழுத்து, அலமாரியில் கிடந்த நீளமான இரும்பு அளவுகோலால் செல்போனைத் தன் பக்கம் நகர்த்தினார். விழப்போன கடைசி நொடியில் கையில் பிடித்துத் திருப்பினார். கூப்பிட்டு எடுக்காத அழைப்புகள் ஒரு பக்கம் வரிசையாக நின்றன. செய்திகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தன.

"கேட்டுக்கோங்க. 'வணக்கம், இது என் முதல் செயலி.' அடுத்தது, 'வணக்கம், இது என் முதல் செயலி.' அடுத்தது அதே. அதே. அதே. இவன் கொஞ்சம் மரியாதைக்காரன், 'வணக்கம் ஐயா.' அடுத்தது வணக்கம். இது ஒருத்தி, பூ பொம்மையெல்லாம் போட்டிருக்கா. போதுமா? இன்னும் வேணுமா? வணக்கம், வணக்கம்... இது பாருங்க, 'வணக்கம், லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, நானும் பாப்பாவும் உள்ள...'"

அவர் நிறுத்தினார். நக்கலாக நீட்டி நீட்டிப் படித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே திறந்திருந்தது.

"...லைட் இல்ல. ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறீங்க. சீக்கிரம் வாங்க..."

செய்தி வந்த நேரத்தைப் பார்த்தார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் கத்திக்கொண்டிருந்தபோதோ, மனைக்காரர் மனை விற்றுக்கொண்டிருந்தபோதோ வந்தது. அதற்குப் பிறகு அதே நம்பரிலிருந்து நாலு அழைப்புகள்.

"சார்... இல்ல, இது பசங்க இல்ல. நிஜம். துணிக்கடை எதிர்ல இருக்கற கட்டடம், செய்திக்குக் கீழ கட்டடத்துப் பேரு போட்டிருக்காங்க. அந்த லிஃப்ட்டை எனக்குத் தெரியும்... கடவுளே, நான் இங்க நின்னு உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!... இருங்க, இருங்க, செல்லுல கூப்பிட்டுப் பாக்கறேன்... அமுக்கினா அசைய மாட்டேங்குதே! ஒவ்வொரு வணக்கமா மேல வந்து விழுந்து... ச்சே! வேலை செய்யுடா!... மத்த ரெண்டு மெக்கானிக்கும் ஊருக்கு அந்தக் கோடியில. நான்தான் போகணும். போற வரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க? பயந்துபோய்க் கதவை நெம்பி, பாப்பாவை வெளிய இறக்கப் பாப்பாங்க சார். அங்கதான் உசுரு போகும்."

அவர் கண், அலமாரியில் அடுக்கியிருந்த புதுத் தகடு ஒன்றில் போய் நின்றது. அவசரத்துக்கு என்று எழுதி, கீழே பேர்.

"தம்பி."

சார் எப்போது தம்பி ஆனார் என்று அவருக்கே தெரியாது.

"தம்பி, பேனா இருக்கா கையில?... எழுதிக்கோ. இந்தம்மா நம்பரைச் சொல்றேன்."

ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"திருப்பிச் சொல்லு... ஆங், சரி. நான் வச்ச உடனே நீ அவங்களைக் கூப்பிடணும். யாரு பேசறதுன்னு கேப்பாங்க. நம்ம பேரைச் சொல்லு... எதுக்குப் பொய்? உன் பேரு அதுதானே? உள்ள செல்போன் வெளிச்சத்துல, தகட்டுல அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அந்தப் பேருகிட்டேருந்து ஃபோன் வந்தாத்தான் அவங்களுக்கு உசுரு வரும்... கேளு, கேளு. கதவைத் தொடக்கூடாதுன்னு சொல்லு. ரெண்டு பேரும் தரையில உக்காரணும், கதவை விட்டுத் தள்ளி. காத்து நிறைய வரும், மூச்சு முட்டாது. கம்பிவடம் அறாது, அறவே அறாது, நான் போன மாசம்தான் மாத்தினேன். ஆளு கிளம்பிட்டாருன்னு சொல்லு... இல்ல, 'கிளம்பிட்டேன்'னே சொல்லு."

பேசிக்கொண்டே காலால் கருவிப் பையை இழுத்தார். சுவர் ஆணியிலிருந்து கதவுச் சாவியை எடுத்துப் பையில் போட்டார்.

"அதுக்கப்புறம் என்ன பேசறதா? பாப்பாகிட்ட ஏதாவது பேசு... கதை தெரியாதா? உன் புத்தகத்தையே சொல்லு, தூங்கிடும்... கோச்சுக்காதேப்பா, பதட்டத்துல வருது. குரல் நடுங்குதே உனக்கு... எனக்கும்தான் நடுங்குது. இத்தனை வருஷமா ஒவ்வொரு தடவையும் நடுங்குது. அவங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்... ம்... ம்... காலேஜுக்கு நாளைக்குப் பண்ணு. இப்போ இது."

ரிசீவரைக் கொக்கிப் பக்கம் கொண்டுபோனவர், மறுபடி காதுக்கு இழுத்தார்.

"என்ன, எவ்வளவு நேரம் பேசணுமா? கதவு திறக்கற வரைக்கும் வைக்காதே. திறந்ததும், வந்த ஆளோட பேரை அந்தம்மாவையே கேக்கச் சொல்லு. ஃபோன்ல சொன்ன அதே பேரைத்தான் நானும் சொல்லுவேன்... வைக்கறேன். கூப்பிடு!"