ஆரஞ்சு விளக்கின் அர்த்தம்

மூன்று நாடுகள் கரையைப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் ஏரியை மிதிவண்டியில் சுற்றிவர ஆசைப்படுகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் வர வேண்டும். அப்போது ஆப்பிள் பறிப்பு நடக்கும், புதுத் திராட்சை மது கடைக்கு வந்திருக்கும், கூடவே வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் போட்டுச் சுட்ட அடை சூடாகக் கிடைக்கும். கூட்டமும் பாதியாகக் குறைந்திருக்கும். மிச்சமிருக்கும் பாதியே என் கண்ணுக்கு அதிகம், அது வேறு விஷயம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டைகள், கிளிப்பச்சைச் சட்டைகள். கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு ஏதோ சிகரத்தில் கொடி நட்டுத் திரும்பியவர்கள் மாதிரி பிளம் கேக்குக்கு உட்காருவார்கள். க்ரீம் தனிக் கிண்ணத்தில் வேண்டும். ஏரியைச் சுற்றுவதற்கு ஒரு திறமையும் தேவையில்லை. தண்ணீர் எப்போதும் வலப்பக்கம் இருந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். அப்படியும் வழி கேட்பார்கள். மேர்ஸ்பூர்கில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, முன்னால் ஏரி விரிந்து கிடக்கும்போதே, "ஏரிக்கு எப்படிங்க போகணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. நான் வாழ்நாள் முழுக்கப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். அப்படிக் கேட்பவர்களைத் திராட்சைத் தோட்டத்து மேட்டுக்கு அனுப்பிவைப்பேன். ஏறி இறங்கட்டும், உடம்புக்கு நல்லது.

நீங்கள் தட்டச்சு செய்யும் வேகத்துக்குத் தகுந்தபடி நிதானமாகவே சொல்கிறேன். காபிக்கு நன்றி. நன்றாக இல்லை, இருந்தாலும் நன்றி.

ஹென்னிங் என் சகலை. என் மனைவி இர்மேலாவின் தங்கை உர்ஸலைக் கட்டிக்கொண்டவன். ஹனோவர்க்காரன், சமவெளியில் பிறந்து சமவெளியிலேயே வளர்ந்தவன். போன வசந்தத்தில் உர்ஸல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அவன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான், நம்மோடு ஏரியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவோம் என்று இர்மேலா சொன்னாள். எனக்கு ஆட்சேபம் இல்லை. மனைவியைப் பறிகொடுத்தவன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வருவான் என்று நினைத்தேன். வந்தவன் பேட்டரி வண்டியோடு வந்தான்.

மிதிவண்டி வேஷம் போட்ட மோட்டார் அது. மிதிப்பதுபோல் பாவனை செய்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். நானோ இருபத்தைந்து வயதில் வாங்கிய இரும்பு வண்டியை இன்றைக்கும் என் காலால்தான் மிதிக்கிறேன். ஹாக்னாவ் மேட்டில் மூச்சு வாங்க நான் ஏறி வந்தபோது அவன் உச்சியில் பெஞ்சில் சாய்ந்து, ஆப்பிள் சாறு குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க வாத்தியாரே, வாங்க. இருட்டுறதுக்குள்ள வந்துட்டீங்களே."

"மோட்டார் வச்சா உருளைக்கிழங்கு மூட்டைகூட மேடு ஏறும்" என்றேன்.

"மூட்டைதான், ஒத்துக்கறேன். ஆனா முதல்ல வந்த மூட்டை."

இர்மேலா சிரித்தாள். வண்டியின் கைப்பிடியில் குனிந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அது என்னை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் பொறாமை என்று எழுத ஆசைப்படுவீர்கள். பொறாமைப்பட அவனிடம் ஒன்றுமில்லை. தொப்பை, வழுக்கை, எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக். கடைக்காரப் பெண்ணிலிருந்து படகுக்காரன்வரை எல்லோரோடும் பேச்சு. எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போகும். எல்லோருக்கும் பிடிப்பவன் எப்படிப்பட்டவன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் லிண்டாவில் இர்மேலா முழங்கால் வலிக்கிறது என்று அவளும் ஒரு பேட்டரி வண்டியை வாடகைக்கு எடுத்தாள். முந்தின நாள்வரை அந்த முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். ஆப்பிள் மரங்களுக்கு நடுவே வளைவுகளில் அவர்கள் மறைந்துவிடுவார்கள். மணிச் சத்தம் மட்டும் கேட்கும், ஒன்று அடித்தால் இன்னொன்று பதில் அடிக்கும். குழந்தைகள் விளையாட்டு. பிரேகென்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது துறைமுகச் சுவரில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு பங்கு வாங்கி, சூடு போகாமல் இருக்கத் தன் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி வைத்திருந்தான் ஹென்னிங். அவன் தலையில் இருந்த தொப்பி. நான் சாப்பிடவில்லை.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு முடிந்ததும் அவன் தனியாகப் போய்த் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பேசவில்லை. உர்ஸல் எப்போதோ பதிவு செய்து அனுப்பிய குரல், வரும்போது ரொட்டி வாங்கி வா என்கிற மாதிரி ஏதோ ஒன்று. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். தோள் குலுங்கிற்று. இர்மேலா எழுந்து போய் அவன் முதுகில் கையை வைத்தாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது அவள் பூ வாங்கிக்கொண்டு வந்தாள். ஒப்பிடவில்லை, சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ஆர்போன் தாண்டி, சுவிஸ் கரையில், பாப்லர் மரத்தடிப் புல்லில் விரிப்பைப் போட்டோம். காலையிலிருந்தே சென்டிஸ் மலை கையை நீட்டினால் தொடலாம் போல நெருங்கி நின்றது. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி, ஒரு மேகம் கிடையாது. ஏரிக்கரையில் பிறந்தவன் அந்த நெருக்கத்தைப் பார்த்தாலே படகை இழுத்துக் கட்டிவிடுவான். தெற்கே பள்ளத்தாக்கு வழியாக மலைக்காற்று இறங்கப்போகிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது அழகான நாள். படம் எடுப்பார்கள்.

இர்மேலா பேரிக்காய் தின்றுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிவிட்டாள். ஹென்னிங் பிரேகென்ஸ் கடையில் ஒரு ரப்பர் மிதவை மெத்தை வாங்கியிருந்தான். அறுபது வயது ஆள். அதை வாயாலேயே ஊதினான், முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"உர்ஸலுக்கு இதுல படுத்து மிதக்கிறதுன்னா உயிரு, வாத்தியாரே. அவ பேர்ல ஒரு சுத்து போயிட்டு வரேன்."

அப்போதுதான் துறைமுகக் கம்பத்தில் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியும், மெதுவாக இமைத்தால் ஜாக்கிரதை, வேகமாக இமைத்தால் தண்ணீரில் இருப்பவன் எவனாக இருந்தாலும் உடனே கரையேற வேண்டும். அது எடுத்த எடுப்பிலேயே வேகமாக இமைத்தது. எதிர்க்கரையிலும் புள்ளி புள்ளியாக அதே துடிப்பு.

ஹென்னிங் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "அது என்ன விளக்கு? நம்மளப் பாத்துக் கண்ணடிக்குது?"

"படகுத்துறை விளக்கு. பெரிய படகு வர்ற நேரத்துல எரியும்."

"அப்ப தண்ணியில இறங்கலாமில்ல?"

"தாராளமா."

"நீங்களும் வாங்களேன். ஆளுக்குப் பாதி மெத்தை."

"சாப்பிட்ட உடனே எனக்கு ஒத்துக்காது."

"சரி. நீங்க சொன்னா சரிதான், ஊர்க்காரராச்சே" என்று சொல்லிவிட்டு, மெத்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வாத்து மாதிரி நடந்து போனான்.

நான் அவனைத் தள்ளிவிடவில்லை. கையைக்கூடத் தொடவில்லை. ஒரு விளக்கைப் பற்றி ஒரு தவறான தகவல் கொடுத்தேன், அவ்வளவுதான். அவனாகவே விசாரித்திருக்கலாம். ஒரு ஊருக்கு வருகிறவன் அந்த ஊரைப் பற்றி நாலு வரி படித்துவிட்டு வரக்கூடாதா? மோட்டார் இழுக்காத இடத்தில் ஒரு தடவை நிற்கட்டும், தன் கையும் காலும் எவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். ஆசிரியனாக இருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

காற்று முதலில் பாப்லர் இலைகளில் வந்தது. பிறகு நாணல் மொத்தமும் ஏரியைப் பார்த்துச் சாய்ந்தது. கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் அப்போதும் அமைதியாகவே இருக்கும், அதுதான் தெற்குக் காற்றின் தந்திரம். அலை உள்ளே போகப் போகத்தான் எழும். பாய்மரப் படகுகள் பாயைச் சுருட்டிக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்பின. எங்கள் பக்கத்துக் கரையில் வேறு யாரும் இல்லை. மெத்தை வடக்கே போய்க்கொண்டிருந்தது, யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி. அவன் கைகளால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தான். என் தொலைபேசி என் பையில் இருந்தது, மீட்புப் படகை அழைக்கும் எண்ணும் எனக்கு மனப்பாடம். பேரிக்காய் ஒன்று மிச்சமிருந்தது. தோலைச் சீவினேன். பழுக்காத காய்.

மறுநாள் எதிர்க்கரையில் மீனவர் ஒருவர் அவனைக் கண்டெடுத்தார். நான் தூங்கிவிட்டேன் என்றும், விழித்தபோது அவன் கடைக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். உங்கள் போலீஸ் சகாக்கள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், எனக்குப் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கூடக் கொடுத்தார்கள். ஹனோவரில் உர்ஸலுக்குப் பக்கத்தில் புதைத்தோம். இர்மேலா அங்கேயே தங்கிவிட்டாள். கொஞ்ச நாளைக்கு என்றாள். அது எங்கள் குடும்ப விஷயம், இதற்குச் சம்பந்தமில்லை.

சம்பந்தமுள்ளது உங்கள் அறிக்கை. பொருள் தெரிந்தவன் தூங்கியிருப்பானா என்று நீங்களாகவே முடிவுகட்டி, "இறந்தவருக்கும் உடனிருந்த உறவினருக்கும் எச்சரிக்கை விளக்கின் பொருள் தெரிந்திருக்கவில்லை" என்று எழுதி முடித்துவிட்டீர்கள். பத்திரிகைக்காரன் அதை எடுத்து, வெளியூர்ப் பயணிகள் இருவர் என்று போட்டுவிட்டான். வெளியூர். நான். ரொட்டிக் கடையில் பாவப்படுகிறார்கள். போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்து, விளக்குகளைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படம் போட்டதாகப் பார்த்து என் கையில் வைத்தாள்.

"மனசத் தேத்திக்குங்க சார். இது எல்லாருக்கும் தெரியிற விஷயமா என்ன?" என்றாள்.

அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான். வகுப்பில் கடைசி பெஞ்ச். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் இன்று வந்தேன். குற்ற உணர்ச்சி, தூக்கம் வராமை, அந்த மாதிரி எதுவும் இல்லை. தப்பான விடை தாளில் இருக்கும்போது திருத்தாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. அந்த விளக்கின் பொருள் எனக்குத் தெரியும். மிக நன்றாகத் தெரியும். அப்படியே எழுதுங்கள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. மெத்தை ஒரு எலுமிச்சைத் தோல் அளவுக்கு, மஞ்சளாக, அலைக்கு மேலே வருவதும் மறைவதுமாக இருந்தபோது அவன் எழுந்து முட்டி போட்டான். இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான். என்னைத்தான் கூப்பிட்டான், அதில் சந்தேகமே இல்லை. நானும் கையை உயர்த்தி ஆட்டினேன். கரையிலிருந்து ஒருவன் நண்பனுக்குக் கையாட்டுவது மாதிரி.

அந்தக் காற்றில் இர்மேலா விழித்துக்கொண்டாள். "யாருக்குக் கை காட்டறே?"

"படகுல யாரோ போறாங்க. சும்மா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் மூட்டம். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயரத் தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, அவளும் ஆட்டினாள். நல்ல குணமுள்ளவள், முகம் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். அவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் கைகளைக் கீழே போட்டுவிட்டான்.

"ஹென்னிங் எங்கே?" என்றாள். ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கிறான் என்றேன்.

அடக்கம் முடிந்த அன்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அந்தப் படகு என்ன நிறம் என்று. வெள்ளை என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை, இப்போது நான் கூப்பிட்டால் தொலைபேசியை எடுப்பதும் இல்லை. அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. உண்மை பதிவாக வேண்டும், அவ்வளவுதான். மஞ்சள் என்று திருத்திக்கொள்ளுங்கள். அவள் கையாட்டியதையும் சிரித்ததையும் நான் சொன்னபடியே, ஒரு வார்த்தை சுருக்காமல் எழுதுங்கள். வழக்கு நடக்கும்போது இதைச் சத்தமாக வாசிப்பார்கள், அவளும் வந்து உட்கார்ந்து கேட்டாக வேண்டும் என்று சொன்னீர்கள் அல்லவா.