முள் இல்லாத மணிக்கூண்டும் நீலக் குடையும்

ஆயிரம் கதவுகளைத் தட்டியும் ஓர் அஞ்சலைக்கூடப் பிரித்துப் பார்க்காத பெருமைக்குரிய தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே, இந்தத் தபால் அட்டைக் கண்காட்சியின் முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோர்களே, கணவர் இழுத்து வந்தாலும் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே, என் வணக்கம் உங்கள் வாசல் தேடி வரட்டும். அதற்குத் தபால்தலை தேவையில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊரார் பார்வையைத் திருத்துகிறவன். என் பார்வையைத் திருத்தியவள் என் மனைவி. எப்படி என்கிறீர்களா?

இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் ஊர்ப் படம் போட்ட பழைய தபால் அட்டைகளைத் தெருத் தெருவாகத் தேடினேன். தேய்ந்தது செருப்பு, தேயவில்லை ஆசை. பாலம் கிடைத்தது, நூலகம் கிடைத்தது, ரயில் நிலையம் ஏழு கோணங்களில் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்று: முள் பொருத்துமுன் படமெடுத்த மணிக்கூண்டு. நேரம் காட்டாத மணிக்கூண்டு. என்ன, இன்றும் அப்படித்தான் இருக்கிறதா? மெதுவாகச் சொல்லுங்கள் ஐயா, நகர்மன்ற உறுப்பினர் காதில் விழுந்துவிடும்.

சென்ற ஆண்டு, பழைய புத்தகக் கடையில், ஓர் அகராதிக்குள்ளிருந்து அந்த அட்டை என் மடியில் விழுந்தது. வீட்டுக்கு ஓடினேன். மனைவி வாங்கினாள், திருப்பினாள், படித்தாள்.

"பின்னாடி யாரோ கிறுக்கிக் கெடுத்துட்டாங்க" என்றேன்.

"கிறுக்கலா? கேளுங்க. 'அக்கா, உன் நீலக் குடையை எடுத்தது நான்தான். பஸ்ஸில் விட்டுவிட்டேன். நாத்தனாரைச் சந்தேகப்படாதே.' தபால்தலையே இல்லைங்க. அனுப்பவே இல்லை. முகவரி நம்ம ஊருதான். கொண்டுபோய்க் குடுக்கணும்."

"இருபத்திரண்டு வருஷம் தேடினேன்மா."

"அந்தக்கா எத்தனை வருஷமா தப்பா நினைச்சிட்டிருக்காங்களோ."

மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். நான்காம் நாள் அவள் பின்னால் நடந்தேன். அது எப்படிப்பட்ட நடை என்று திருமணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

கதவைத் திறந்த அம்மையார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அட்டையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"தம்பி கையெழுத்து. அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவன் புத்தகத்தையெல்லாம் நான்தான் கடைக்குப் போட்டேன். ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கலை."

எங்களை உள்ளே உட்காரவைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, எந்தக் குறிப்பையும் பார்க்காமலே ஓர் எண்ணை அழுத்தினார்.

"நான்தான் பேசறேன். வச்சிடாதே. அந்தக் குடையை நீ எடுக்கலை."

மறுமுனைக் குரல் எங்களுக்கே கேட்டது. "அதைத்தானே அண்ணி முப்பது வருஷமா சொல்றேன்."

"தப்பு என்னுது. சாயங்காலம் வரட்டுமா?"

மறுமுனையில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வாங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டு வாங்க."

அம்மையார் அழுதாரா, சிரித்தாரா? இரண்டும்தான். "இதை அவகிட்ட காட்டணும். நான் வச்சுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

தெருவில் மனைவி கேட்டாள்: "வருத்தமா?"

"ரொம்ப" என்றேன். பொய் சொல்லவில்லை.

அன்பர்களே, பூட்டி வைக்கவா பிறந்தன இந்த அட்டைகள்? பொக்கிஷம் என்று பீற்றிக்கொள்ளவா பிறந்தன? ஒருவர் மனம் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரப் பிறந்தன. அதனால்தான் இந்த அரங்கின் இருநூற்றுப் பத்து அட்டைகளையும் இருபுறமும் தெரியத் தொங்கவிட்டிருக்கிறோம். உங்கள் தெரு இருக்கலாம், உங்கள் வீட்டு எண் இருக்கலாம். உங்களுக்கு வரவேண்டியது இருந்தால் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குறைந்தாலும் நான் மகிழ்வேன் என்று சொல்லச் சொன்னாள் என் மனைவி. சொல்லிவிட்டேன்.

கேட்ட செவிகளுக்கும், சிரித்த முகங்களுக்கும், இன்னும் கோபிக்காத நகர்மன்ற உறுப்பினருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.